ரத்தம் சொன்ன எண்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் விரலம்மாவைத் தொலைபேசியும் கையுமாகச் சமையலறை வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். நல்லவேளை, அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கவில்லை. பேசி முடித்து, அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி, கணவரிடம் "ஒண்ணுமில்ல, லேப்ல இருந்து" என்று மட்டும் சொன்னாள். அந்த "ஒண்ணுமில்ல"வை வீட்டில் யாரும் நம்பவில்லை; இரண்டே நாளில் விஷயத்தைக் கறந்துவிட்டார்கள்.

இன்றைக்குத்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. விரலம்மா சைகை மொழிபெயர்ப்பாளர். கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் காது கேளாதவர்கள் கையால் சொல்வதைக் குரலாகவும், மற்றவர்கள் குரலில் சொல்வதைக் கையாகவும் மாற்றுவது அவள் தொழில். பட்டப்பெயரைச் சூட்டியவர் கோர்ட் வாசல் காவலாளி. இப்போது நீதிபதியே அப்படித்தான் கூப்பிடுகிறார். அவளுடைய ஒரே மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனுக்காகக் கற்றுக்கொண்ட மொழிதான் பிறகு பிழைப்பாகவும் ஆனது.

அந்த விரல்களில்தான் முடக்குவாதம் வந்து உட்கார்ந்தது. வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்படை, புத்தி பிசகி, சொந்த மூட்டுகளையே போட்டு அடிக்கிற நோய். முதல் இரண்டு மருந்துகள் கைவிட்டன. இரண்டாவது கைவிட்டபோது ஒரு மழைக்காலம் முழுக்க அவளால் விரல்களை மடக்க முடியவில்லை. அம்மாவும் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து போனில் எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிடலாம். 'ஏன்டா முகம் வாடியிருக்கு' என்று தட்டி முடிப்பதற்குள் அவன் எழுந்து போயிருப்பான். மூன்றாவதாக வந்த ஊசிதான் அவளுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்தது.

அந்த ஊசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தத்தில் ஓடுகிற ஒரு டஜன் புரதங்களை அளந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வார்கள். எண் சின்னதாக இருந்தால் நோய் தூங்குகிறது. ஏறினால் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். ஒரு வருஷமாக இருபதுகளில் சமத்தாகப் படுத்துக்கிடந்த எண், போன வாரம் லேப்காரர் சொன்னபோது ஐம்பத்தெட்டு.

இன்று காலை மூட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த ஊசியையும் நிறுத்திவிடுவாரா என்பது தெரிந்துவிடும்.

*

"மேகமூட்டம்தான். அதுக்காக மழைன்னு முடிவு கட்டிடக் கூடாது" என்றார் கணவர்.

அவர் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். வீட்டில் காய்ச்சல், கடன், கல்யாணம் எது வந்தாலும் காற்றழுத்தம் மாதிரியேதான் பேசுவார்.

"ஒரே ஒரு அளவை வச்சு எதையும் சொல்ல முடியாதும்மா. கருவியே தப்பா காட்டியிருக்கலாம்."

"நேத்து வெயில் அடிக்கும்னு சொன்னது நீங்கதானே? துணி பூரா நனைஞ்சு கெடக்கு."

"அது வேற. அது கடல் காத்து பண்ண வேலை."

விரலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலது கடைவாயில் சுரீர் என்றது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு, டீயில் ஊறிய ரொட்டியை இடது பக்கமாகத் தள்ளி மென்றாள்.

இதை நாம் பேசித்தான் ஆக வேண்டும். அவளுக்கு ஒரு மாதமாகப் பல்வலி. கடைசிக்கு முந்தின பல். வீட்டில் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேட்டால் வீம்பு என்ற ஒரே பதில்தான். இந்தக் குடும்பத்தின் பல் டாக்டர் அவளுடைய நாத்தனார். ஐம்பதை நெருங்கியும் அண்ணன் வாயில் இன்னும் 'பாப்பா'. அந்தப் பாப்பாவும் விரலம்மாவும் பேசி ஆறு மாதம் ஆகிறது.

சண்டை மூன்றாம் அத்தியாயத்தில் நடந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாப்பா கேட்டாள்: "ஏன் அண்ணி, எத்தனை நாளைக்கு நீங்களே அவனுக்கு வாயா இருப்பீங்க? நாளைக்கே உங்க கை நின்னுடுச்சுன்னா அவன் என்ன பண்ணுவான்?"

விரலம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ராத்திரி பகலாக அவள் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு பயந்த கேள்வியை இன்னொருத்தி சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்துவிட்டாள். அதை எப்படி மன்னிப்பது?

வேறு பல் டாக்டரிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். பாப்பாவிடம் போனால் தோற்றுப்போனது போல ஆகிவிடும். ஆக மாத்திரையைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். கடிக்கத்தான் முடியவில்லை. பல்லுக்கும் விரலுக்கும் நடுவே ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்?

மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். போட்டோ ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களைத் திருத்துகிற வேலை அவனுக்கு. மாப்பிள்ளையின் பருவை அழிப்பது, மாமியாரின் முறைப்பைக் குறைப்பது.

"நானும் வரேன்" என்று கையால் சொன்னான்.

"உனக்கு வேலை இல்லையா?"

"லீவு போட்டுட்டேன். நீ சொல்லாததை எல்லாம் நான் அங்க வந்து தெரிஞ்சுக்கப் போறேன்."

வராதே என்று சொல்ல விரலம்மாவுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

*

மூட்டு டாக்டரின் அறையில் எப்போதும் போல ஸ்பிரிட் வாசனை. மேஜை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு கை எலும்புக்கூடு. அவர் அதற்கு ஒரு பழைய கடிகாரம் கட்டிவிட்டிருந்தார்.

"எண்ணைப் பாத்தேன்" என்றார். "எனக்கே பிடிக்கல. கையைக் கொடுங்க."

ஒவ்வொரு கணுவாக அழுத்தினார். "இங்க?"

"இல்ல டாக்டர்."

"இங்க? மணிக்கட்டு?"

"இல்ல."

பக்கத்தில் மகன் இருந்தால் எதையும் மொழிபெயர்க்காமல் அவளால் இருக்க முடியாது. டாக்டர் வலது கையைப் பிடித்திருந்தபோது இடது கையால் சொன்னாள். இடது கையைப் பிடித்தபோது வலது கையால் சொன்னாள். நடுவில் டாக்டர் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள, மகன் சிரித்துவிட்டான்.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்கம்மா. நோயாளியா வந்திருக்கீங்க, வேலைக்கு வரல."

"பழக்கம் டாக்டர்."

ஸ்கேன் கருவியைக் கொண்டுவந்து, சில்லென்ற பசையைத் தடவி, விரல் விரலாக ஓட்டினார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அசைந்தன.

"மூட்டுல அழற்சி இருந்தா இங்க சிவப்பா மின்னும். ஒண்ணையாவது பாக்கறீங்களா?"

கூடவே வந்திருந்த வானிலைக்காரர் எழுந்துபோய் உற்றுப் பார்த்தார். "வானம் நிர்மலமா இருக்கு" என்றார்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுதான் எனக்குப் புரியல. கை ஒண்ணு சொல்லுது, ரத்தம் வேற ஒண்ணு சொல்லுது. எண்ணை நம்பினா இந்த ஊசியை நிறுத்திட்டு வேற மருந்துக்குப் போகணும். அது இதைவிடக் கடுமையா எதிர்ப்பு சக்தியை அடக்கும். வேலை செய்ய ஆரம்பிக்க மூணு நாலு மாசம் ஆகும். நடுவுல கை எப்படி இருக்கும்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது."

விரலம்மாவின் கைகள் இதையும் மகனுக்குச் சொல்லின. 'கை எப்படி இருக்கும்' என்ற இடத்தில் விரல்கள் கொஞ்சம் தடுமாறின. அந்த மழைக்காலம், அந்த மேஜை, எழுதி முடிப்பதற்குள் எழுந்துபோகிற மகன்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "காய்ச்சல், இருமல், நீர்க்கடுப்பு, காயம், புண்ணு? உடம்புல வேற எங்கயாவது வலி?"

அதையும் மகனுக்குச் சொன்னாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள்.

மகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். அம்மாவின் முகத்தையே பார்த்தபடி கைகளைத் தூக்கினான்.

"அம்மா பொய் சொல்றா. டாக்டர்கிட்ட சொல்லு."

விரலம்மா விழித்தாள்.

"சொல்லும்மா. ஒரு மாசமா பாக்கறேன். உன் கை நல்லாதான் பேசுது, வாய்தான் திக்குது. கன்னத்தை உப்பிச் சொல்ல வேண்டிய வார்த்தை எல்லாம் ஒத்தைக் கன்னத்துல வருது. நான் நாள் பூரா மூஞ்சியைப் பாத்துச் சம்பாதிக்கறவன். வலது பக்கம் வீங்கியிருக்கு. சொல்லு அவர்கிட்ட."

சைகை மொழியில் கை பாதிதான். மிச்சம் புருவமும் கன்னமும் வாயும். இதைப் பத்து வருஷமாக வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுக்கிறவளே விரலம்மாதான். கையும் களவுமாக, இல்லை, வாயும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"என்ன சொல்றாரு தம்பி?" என்று டாக்டர் கேட்டார்.

அந்த அறையில் சைகை அரைகுறையாகத் தெரிந்தவர் வானிலைக்காரர் ஒருவர்தான். அவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாட்டுக்கு லேட்டாகுதுன்னு சொல்றான்" என்று விரலம்மா சொல்லியிருந்தால் கேட்பாரில்லை. ஒரு நொடி அதை நினைத்தும் பார்த்தாள்.

ஆனால் அவள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கூட்ட முடியாது, குறைக்க முடியாது, மறைக்கவே கூடாது. கோர்ட்டில் ஒருவன் தன் மாமனாரைத் திட்டிய அத்தனை வசவையும் நீதிபதி முகத்துக்கு நேரே தன் குரலில் திட்டியவள் அவள். இத்தனை வருஷத்தில் யார் வார்த்தையையும் விழுங்கியதில்லை. சொந்த மகன் வார்த்தையை விழுங்குவதா?

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"'எங்கம்மா பொய் சொல்றாங்க டாக்டர். ஒரு மாசமா பாக்கறேன். கை நல்லாதான் பேசுது, வாய்தான் திக்குது. வலது பக்கக் கன்னம் வீங்கியிருக்கு.'"

டாக்டர் குழம்பினார். "யாரு உங்கம்மாவா? அவங்க எங்க இருக்காங்க?"

"எங்கம்மா இல்ல டாக்டர். அவனோட அம்மா. நான்தான்."

வானிலைக்காரர் திரும்பினார். "என்னது?"

"பல்லு" என்றாள் விரலம்மா, மிகச் சின்னக் குரலில்.

*

டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். ஈறு தக்காளிபோலச் சிவந்திருந்தது. ஓரத்தில் சீழ்க்கட்டி.

அப்புறம் பேசினார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்தால் மேஜையைத் தட்டுவார். எலும்புக்கூட்டுக் கை ஒரு தடவை துள்ளி விழுந்தது.

"இந்த ஊசி போட்டுக்கறவங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே? சீழை வாயில வச்சுக்கிட்டு ஊசியும் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. நான் வேற இதைவிடக் கடுமையான மருந்தைக் கொடுக்க இருந்தேன். கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

இதையும் மகனுக்கு மொழிபெயர்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது அவளுக்கு. தன்னைத் திட்டுகிறதைத் தன் கையாலேயே, மேஜையைத் தட்டினது உட்பட.

"அப்ப அந்த எண்ணு?" என்றார் வானிலைக்காரர்.

"அந்த எண்ணுக்கு மூட்டும் தெரியாது, பல்லும் தெரியாது சார். உடம்புல எங்க தீப்பிடிச்சாலும் ரத்தத்துல அதே புரதங்கள்ல பாதி ஏறும். விரல் சுத்தமா இருக்கு, ஸ்கேன் சுத்தமா இருக்கு, ஈறுல சீழ் இருக்கு. நான் பல்லு மேலதான் சந்தேகப்படுவேன்."

"அப்ப ஊசி..." என்றாள் விரலம்மா. கை அந்தரத்திலேயே நின்றது.

"மாத்தல. அடுத்த ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடறோம், பல்லு ஆறுற வரைக்கும். அப்புறம் இதே ஊசிதான். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம். இறங்கலன்னா அப்ப பேசிக்கலாம். ஆனா இறங்கும்னுதான் நினைக்கறேன்."

விரலம்மா அழுதாள். துடைத்துக்கொண்டே மகனுக்குச் சொன்னாள், 'மாத்தல, இதே ஊசிதான்.' சொல்லி முடித்ததும் மறுபடி அழுதாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. அவளுக்கு அந்த எலும்புக்கூட்டுக் கையைக்கூடப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது.

"இன்னிக்கே பல் டாக்டரைப் பாருங்க" என்றார் டாக்டர். "தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

வானிலைக்காரர் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டிருந்தார். "பாப்பா, நான் அண்ணன் பேசறேன். உங்க அண்ணியைக் கூட்டிட்டு வரேன். ஆமா, அவளேதான்."

*

பாப்பாவின் கிளினிக்கில் அவள் உட்பட யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டினாள், விளக்கை இழுத்தாள், "வாயைத் திறங்க" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டு டாக்டரிடம் போனில் பேசினாள். "காப்பாத்த முடியாது. எடுத்துடணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மரத்துப்போக ஊசி போட்டாள். கன்னம் கனத்து, உதடு யாருடையதோ மாதிரி ஆகும்வரை காத்திருந்தாள்.

பிறகு பஞ்சையும் கருவியையும் வாய்க்குள் விட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பல் டாக்டர்களுக்கு மட்டுமே வாய்க்கிற வசதி.

"இப்ப நீங்க எழுந்து போக முடியாது அண்ணி. பதில் பேசவும் முடியாது. அதனால சொல்லிடறேன். அன்னிக்கு நான் கேட்டது தப்பு. கேக்கற இடமா அது? ஆனா உங்களைக் குத்திக் காட்டணும்னு கேக்கல. உங்க விரல் வீங்கினப்ப நீங்க ரெண்டு பேரும் போன்ல தட்டித் தட்டிப் பேசினீங்களே, அதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி அழுதேன் நான். பயத்துல வந்த பேச்சு அது. எனக்குப் பயம் வந்தா கோபமாதான் வெளிய வரும். அண்ணனைக் கேளுங்க."

"சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்" என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஒரு மாசம் சீழ் பிடிச்சு வலிச்சும் எங்கிட்ட வரல நீங்க. அந்த அளவுக்கா அண்ணி என் மேல கோபம்?"

விரலம்மா நாற்காலியில் படுத்தபடியே கையைத் தூக்கி எதையோ சொன்னாள். பாப்பாவின் கை நின்றது. அவள் கண்ணோரம் ஈரம்.

"அண்ணே, என்ன சொல்றாங்க?"

வானிலைக்காரர் எட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "'எல்லாம் சரி, கொஞ்சம் மெதுவா இழு'ங்கறா."

பாப்பா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இழுத்தாள். பல் வந்துவிட்டது. விரலம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பஞ்சு வைத்து முடிக்கும்வரை விடவே இல்லை.

*

வெளியே வந்தபோது சாயங்கால வெயில். வானிலைக்காரர் மாத்திரை வாங்க எதிர்க் கடைக்குப் போனார். அம்மாவும் மகனும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் முகத்தில் பாதி மரத்துப்போய், கீழுதடு ஒரு பக்கமாகத் தொங்கியது.

"ஊசியை மாத்தலைல்ல?" மகன் கேட்டான்.

"மாத்தல."

"கை?"

"கை எங்கேயும் போகாது. உன்னைத் திட்டறதுக்கு வேணுமே."

அவன் சிரிக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே சாலையைப் பார்த்தான். பிறகு திரும்பினான்.

"அப்ப ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லாம வச்சிருக்கேன். சொன்னா நீ நூறு கேள்வி கேப்ப. கை வலியோட அத்தனையும் எப்படிக் கேப்பன்னு தள்ளிப் போட்டேன். இந்த எண்ணு வேற ஏறிடுச்சா, சொல்லவே வேணாம்னு விட்டுட்டேன்."

"சொல்லுடா."

அவன் சுட்டுவிரலைத் தாடையின் நடுவில் வைத்து, குழி விழுவதுபோல மெல்லத் திருகி எடுத்தான்.

அது ஒரு பெயர். காது கேளாதவர்கள் நடுவே ஆளுக்கொரு பெயர் உண்டு, எழுத்தில்லாத பெயர். வானிலைக்காரருக்கு வானத்தைப் பார்த்துத் தோளைக் குலுக்குவது. பாப்பாவுக்குக் கடைவாயைத் தட்டுவது. ஊரில் இருக்கிற அத்தனை பெயரும் விரலம்மாவுக்குத் தெரியும். பாதி அவளே வைத்தவை. இது அவள் பார்த்ததே இல்லாத பெயர்.

"யாரு?" என்று கேட்டாள். புருவம் ஏறியது, கை கேட்டது, உதடு மட்டும் ஒரு பக்கம் அசையாமல் நின்றுவிட்டது.

மகன் அவள் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"பாதி வாயாலதான் கேக்கற. பாதி பதில்தான் சொல்லுவேன். பேரு சொல்லிட்டேன்ல? மிச்சத்தை மரமரப்பு போனப்புறம் கேளு."

"டேய்!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அவன் கை மடியோரத்தில், யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, அதே பெயரை இன்னொரு தடவை சின்னதாகச் சொன்னதை அவள் பார்த்துவிட்டாள். அம்மா பார்ப்பாள் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. அவன் திருத்துகிற படங்களில் வருகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தது அவன் முகம்.

விரலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுட்டுவிரலைத் தன் மரத்துப்போன தாடையில் வைத்து, அவன் செய்தது போலவே திருகிப் பார்த்தாள். தாடைக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. அது கொஞ்சமும் வலிக்காமல் மடங்கி நிமிர்ந்து, புதுப் பெயரைப் பிசகில்லாமல் சொன்னது.